சாமிப்பெட்டி இறங்கிய காலை

பொன்னுமணி கொல்லைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அத்தே, துணியில பட்டிருக்கு" என்றாள். கூடத்தில் இருந்த ஜக்கையனுக்கு அது கேட்டுவிட்டது.

மருமகளுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. போன மாதம்தான் மதுரை டாக்டரம்மா அவரை உட்காரவைத்துச் சொன்னார்: "கர்ப்பப்பையோட உள்சவ்வுலதான் கரு ஒட்டி வளரணும். இவளுக்கு அது மெல்லிசு. வெளிநாட்டுல கருவை உறைய வச்சுக்கூட உள்ளே வைக்கிறாங்க. சவ்வு சரியில்லேன்னா அதுவும் நிக்கிறதில்ல. இவளுக்கு மாத்திரையில கொஞ்சம் தடிச்சிருக்கு. சொட்டு ரத்தம் கண்டாலும் நடக்கக் கூடாது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது."

மேல்மண் அரித்துப்போன சரிவில் ஏலக்கன்று சாய்வதைப் பார்த்தவர் அவர். சொன்னது உடனே பிடிபட்டது.

ஆனால் அவர்கள் வகையறாவில் ரத்தம் கண்ட பெண் ஓடைக்கு அப்பால் இருக்கும் முட்டுவீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே வெறுந்தரைதான். வீட்டுப் பொருள் எதுவும் அங்கே போகாது, மாத்திரையும் சேர்த்து. முந்தைய இரண்டு தடவையும் அவர்தான் அனுப்பிவைத்தார். அதிலும் இது குலசாமியின் நகையும் பட்டும் அடங்கிய பெட்டி இருக்கும் வீடு. கோயிலில் அவருக்கு முதல் மரியாதை கிடைப்பதே அந்தப் பெட்டியால்தான்.

அவர் மனைவி மூக்கம்மாள் பழம்பாயைச் சுருட்டிவிட்டாள். "வெரசாக் கிளம்பு ஆத்தா. சாமி இருக்கிற வீடு."

பொன்னுமணி அசையவில்லை. மாமனாரிடம் நேரே பேசிப் பழகாதவள், "மாமா, நடந்தாப் போயிரும்" என்றாள்.

மகனோ மலையில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தான். அவன் வரும் ஜீப்பு இறங்கச் சாயங்காலம் ஆகும். ஜக்கையன் பெட்டியைப் பார்த்தார். தீட்டை வைத்துக்கொண்டால் சாமி கருவை எடுத்துக்கொள்ளும். அனுப்பினால் ஓடை எடுத்துக்கொள்ளும்.

"அவ படுக்கட்டும். பெட்டி போகுது."

"என்ன பேச்சு இது? இறங்குன பெட்டி திரும்ப ஏறுமா? உங்க பங்காளி வாயைப் பொளந்துக்கிட்டுல்ல இருக்கான்."

"அவன் வாயிலயே விழட்டும். நீ மாத்திரையக் கொண்டா."

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தார். தெரு எழுந்து கும்பிட்டது.

பங்காளி கோட்டைச்சாமி வாசலுக்கு வந்தான். "எங்கப்பன் கேட்டுக் கேட்டே செத்தாரு. இன்னைக்கு அதுவா நடந்து வருது. என்னண்ணே சங்கதி?"

"வாங்குடா, பாரமா இருக்கு."

தலைமாற்றி வாங்கியதும் கோட்டைச்சாமியின் குரல் தாழ்ந்தது. "திருப்பிக் கேக்க மாட்டீகளே?"

"மாட்டேன்."

திரும்பி வந்தவர் நிலைப்படி தாண்டவில்லை. "மறுபடி பட்டுச்சா?"

"இப்பத்தான் கண்ணசந்தா. முழிச்சாத்தான் தெரியும்" என்றாள் மூக்கம்மாள்.

கும்பிடக் கை எழுந்தது. எதிரே, பெட்டி இருந்த இடத்தில், அதன் அளவுக்குத் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது.