ரிவ்யூ அண்ணாச்சி

ஒரகடத்தில் கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆலையில் எனக்கு வேலை. லைனில் வரும் பம்பரில் தூசி, கீறல், கொப்புளம் எது இருந்தாலும் கண்ணால் கண்டுபிடித்து மெழுகுப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். எல்லோர் காதிலும் அடைப்பான் இருக்கும், பக்கத்து ஆளிடம் கையைத்தான் ஆட்ட முடியும். என் பெயர் ஏசுவடியான், ஊர் சாயர்புரம் பக்கம். அந்தப் பெயரைச் சொல்லி இங்கே யாராவது கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஓர் அறை. கூட இருப்பவன் சுடலைக்கண்ணு, வேறொரு கம்பெனியில் எப்போதும் நைட் ஷிப்ட். அவன் வரும்போது நான் கிளம்புவேன். ராத்திரி நானும் பகலில் அவனும் ஒரே பாயில்தான் படுக்கிறோம், ஆனால் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பாய்க்குத்தான் ஓய்வே கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்டாக் போட்டோ தளம் கண்ணில் பட்டது. படம் அனுப்ப வேண்டும். தேறினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள். காசெல்லாம் அப்புறம். அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என்னை இழுத்தது. நான் பார்த்ததை இன்னொருவர் பார்த்து ஒரு 'சரி' சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவருக்கு ரிவ்யூ அண்ணாச்சி என்று நானே பெயர் வைத்தேன். வாசலில் ஆள் மாறும்போது சுடலைக்கண்ணுவிடமும் சொல்லியிருந்தேன்.

அண்ணாச்சி லேசுப்பட்ட ஆளில்லை. டியூப்லைட்டில் எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றார். காலை வெளிச்சத்துக்கு மாறினேன். சுவரில் தொங்கும் யூனிபார்மில் கம்பெனி முத்திரை தெரிகிறது என்றார். கழற்றி மடித்து வைத்தேன். டீக்கடையில் நிற்பவர்களின் முகம் தெரிகிறது, அவர்களுடைய சம்மதம் எங்கே என்றார். சம்மதம் கேட்கும் அளவுக்கு இங்கே எனக்கு யாரைத் தெரியும்? ஆட்களை விட்டுவிட்டுத் தட்டு, டம்ளர், ஜன்னல் என்று எடுக்க ஆரம்பித்தேன். அதிலும் அவருக்குத் திருப்தியில்லை. படம் கூர்மையாக இல்லை என்றார். என் கைதான் நடுங்குகிறதோ என்று செங்கல் அடுக்கி அதில் போனைச் சாய்த்து எடுத்தேன். மறுபடியும் அதே பதில்.

காலையில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் பஸ்ஸில்தான் பதிலைப் பார்ப்பேன். பகலெல்லாம் மனுஷன் என் படத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். திட்டு வாங்கினாலும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

எங்கள் கம்பெனி கேட்டில் பிரவீனா அக்கா செக்யூரிட்டி. உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று ஒவ்வொரு போனின் கேமரா மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் நாங்களே உரித்துப் போடுவோம். ஒருநாள் என் போனில் ஸ்டிக்கர் சரியாக உட்காரவில்லை.

"இன்னா தம்பி, லென்ஸ் மேல பிசின் இப்டி அப்பிகினு கீது? ஸ்டிக்கர உரிச்சா தொடைக்க மாட்டியா?"

"தொடைக்கணுமாக்கா?"

"பின்ன? இத்த வெச்சிகினு இன்னாத்த போட்டோ புடிப்ப?"

பின்னால் வரிசை தள்ளியது. அக்கா அடுத்த போனுக்குக் கை நீட்டிவிட்டார். எவனோ ஓட்டப்போகும் காரில் மயிரளவு தூசியைப் பிடிக்கிற நான், என் கேமராவில் தினம் சேர்ந்த கோந்தைப் பார்க்கவில்லை. சிரிப்புத் தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

பம்பர் துடைக்கும் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து லென்ஸைத் துடைத்தேன். மறுநாள் காலை ஜன்னல் ஓரத்தில் என் தட்டை வைத்தேன். அதில் கடையில் வாங்கிய இட்லி, பக்கத்தில் கவிழ்த்த சுடலைக்கண்ணுவின் தட்டு. வெயில் சாய்வாக விழுந்ததில் இட்லியின் ஆவிகூடத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. 'காலைச் சாப்பாடு' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன்.

அன்று பார்த்து கம்பெனி பஸ் லேட். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாம்பார் பொட்டலத்தின் நூலைப் பிரித்தேன். முடிச்சு அவிழ்வதற்குள் போன் சிணுங்கியது. படம் தேறிவிட்டது.

துள்ளி எழுந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவு சீக்கிரத்தில் யார் பார்த்திருக்க முடியும்? தளத்தின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். படங்களைச் சோதிப்பது முழுக்க இயந்திரம்தான் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. முதலிலிருந்தே அண்ணாச்சி என்று யாரும் இல்லை. இத்தனை மாதம் பேசிப் பழகிய ஆள் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

தேறிய படத்தைத் தேடி எடுக்க வசதியாகச் சில சொற்கள் சேர்க்க வேண்டும். அவற்றையும் இயந்திரமே போட்டு வைத்திருந்தது, நான் சரிபார்த்து அனுப்பினால் போதும். தட்டு, இட்லி, ஜன்னல், வெயில், ஆளில்லை, தனிமை.

கோபம் வந்தது. ஆசையாக எடுத்த படத்தில் இதை எங்கே பார்த்தது அது? 'தனிமை'யை அழித்தேன்.

கதவு திறந்தது. சுடலைக்கண்ணு சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுந்தான்.

"என்னடே, ஒங்க அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?"

"படம் தேறிட்டுடே!"

"ஏ, சூப்பர்லா! கொண்டா, பாப்போம்."

படுத்தபடியே கை நீட்டினான். படத்தைப் பெரிதாக்கி, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி அவன் பக்கம் திரும்பினேன். நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தான். எழுப்பினால் பார்த்திருப்பான். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவனை எப்படி எழுப்புவது? அந்தக் கையை எடுத்து மெல்ல அவன் வயிற்றின்மேல் வைத்தேன்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. ஷூவை மாட்டிக்கொண்டே, அழித்த சொல்லைத் திரும்பப் போட்டு அனுப்பினேன்.