நடுப்பந்து

சம்பந்திகள் இருவர் வலைக்கு ஒரே பக்கம் நின்று, சின்ன மட்டையால் பந்தடிக்கிற பிக்கிள்பால் ஆடினால் என்ன ஆகும் என்று அந்த அரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்து இருவருக்கும் நடுவில் வரும். இடப்பக்கம் நிற்பவர், "நீங்க எடுங்க சம்பந்தி" என்பார். வலப்பக்கம் நிற்பவள், "ஐயோ, நீங்க எடுங்க" என்பாள். பந்து இந்த உபசாரத்துக்கெல்லாம் காத்திருக்காது. இருவருக்கும் இடையில் புகுந்து பின்சுவரில் முட்டி, உருண்டு திரும்பி வரும். அதைப் பொறுக்க இருவரும் ஒரே நேரத்தில் குனிவார்கள். அங்கேயும், "நான் எடுக்கிறேன் சம்பந்தி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று ஒரு சுற்று நடக்கும்.

இதில் ஒருத்தி கண்ணாடிக்கடைக்காரி. மூக்கில் மாட்டும் கண்ணாடிதான். பவர் பார்த்து, ஃப்ரேமுக்கு ஏற்ப லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, பொருத்திக் கொடுப்பவள். கணவர் போய் ஆறு வருடம். ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம். மற்றவர் அந்த மகளின் மாமியார், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். "பிரேக்ல கால வைன்னா ஹாரன்ல கைய வைக்கிற" என்று நாளெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து கத்துகிற தொண்டை அவருடையது. சம்பந்தியைப் பார்த்தால் மட்டும் அந்தத் தொண்டை தேனில் ஊறிக்கொள்ளும்.

அவள் ஆட வந்த கதையைச் சொல்ல வேண்டும். மகள் புகுந்த வீடு போன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் கேட்க வேண்டுமென்றால் டிவியைப் போட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினால் நேரே வீடு. நின்றபடியே இரண்டு வாய் சாப்பாடு. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் ஃப்ரேமின் திருகாணி கழன்றுவிட்டது என்று சம்பந்தியம்மா கடைக்கு வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்தார், காப்பி குடித்தார், அவள் முகத்தையே பார்த்தார், போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கடை வாசலில் அவர் கார் நின்றது. பின் சீட்டில் இரண்டு மட்டை.

"என் ஜோடிக்குக் கால் சுளுக்கிடுச்சு சம்பந்தி. இன்னைக்கு ஒரு நாள் வந்து சும்மா நில்லுங்க, போதும்."

அந்த ஒரு நாள் பத்து மாதமாக நீண்டது. கால் சுளுக்கிய அந்த ஜோடி பிறந்ததே இல்லை என்பது அவளுக்கு நான்காம் மாதம்தான் தெரிந்தது. தெரிந்த அன்று கடையில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். நல்ல அழுகைதான். தனக்காக இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் பொய் சொல்லியிருக்கிறாரே என்ற நன்றியில் வந்தது.

ஆட்டம் அவளுக்குச் சட்டென்று வந்தது. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஏழடிக்கு ஒரு பட்டை உண்டு. அதைக் கிச்சன் என்பார்கள். அதற்குள் நின்றுகொண்டு பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாது. அதனால் கிச்சன் கோட்டுக்கு வெளியே நின்று, பந்தை வலைக்கு மேல் மெல்லத் தூக்கி, எதிராளியின் கிச்சனுக்குள் செத்து விழும்படி போடத் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மட்டையை இறுக்கிப் பிடித்து ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். அவளுக்கு அது வராது. லென்ஸை இறுக்கிப் பிடித்தால் ஓரம் தெறித்துவிடும் என்று இருபத்தைந்து வருடமாகப் பழகிய கை. எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவள் மட்டையில் பட்டதும் பெட்டிப்பாம்பாக அடங்கும்.

சம்பந்தியம்மா நேரெதிர். அவர் அடித்தால் பந்து அலறிக்கொண்டு போகும். முழங்காலுக்குக் கீழே வருகிற பந்தையும் ஓங்கித்தான் அடிப்பார், அது வலையில் போய் முட்டும். "தாழ்ந்து வர்ற பந்த மெதுவா தூக்கி விடணும், நெஞ்சுக்கு மேல வந்தாத்தான் சாத்தணும்" என்று அரங்கத்தில் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். தலையை ஆட்டுவார். அடுத்த பந்தையும் சாத்துவார்.

ஆக ஒருவரிடம் பூங்கை, இன்னொருவரிடம் இடிக்கை. நல்ல ஜோடியாக வந்திருக்க வேண்டியது. நடுப்பந்துதான் குடியைக் கெடுத்தது.

அந்த அரங்கத்தில் ஒரு ஏற்பாடு. செவ்வாயும் வியாழனும் எட்டு ஜோடிகளுக்குத்தான் இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைசியில் நிற்கிற ஜோடி வெளியே போய், வரிசையில் காத்திருக்கிற ஜோடி உள்ளே வரும். வெளியே போனால் திரும்பி வர ஒரு வருடமாவது ஆகும். இந்தமுறை கடைசி இடத்துக்கு இரண்டு ஜோடிகள் சரிசமமாக நின்றன. ஒன்று பேக்கரிக்காரரும் அவர் மச்சான் எலக்ட்ரீஷியனும். இன்னொன்று சம்பந்திகள். இந்த இரண்டு ஜோடிகளுக்குமான ஆட்டம் அடுத்த வியாழன். தோற்றவர்கள் வெளியே.

கண்ணாடிக்கடைக்காரி அன்றிரவு யோசித்துப் பார்த்தாள். இடம் போனால் ஆட்டம் மட்டுமா போகும்? சம்பந்திகள் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை, கையில் பழப்பையோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். மறுபடியும் அப்படி ஆகிவிடும். மறுபடியும் ஆறு மணிக்கு வீடு, டிவி, தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தான். போன வாரம் அவர்கள் தோற்ற ஆட்டத்தை ஃபோனில் படம் பிடித்திருந்தான். மாமியாரையும் அம்மாவையும் ஒரே சோபாவில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. இருபத்தாறு பந்து விட்டிருக்கீங்க. அதுல பதினஞ்சு நடுவுல. அரங்கத்துல பேரே வச்சுட்டாங்க, மரியாதைச் சந்துன்னு."

சம்பந்தியம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு பேருமே வலது கை. அப்போ இடப்பக்கம் நிக்கிறவங்களுக்குத்தான் நடுவுல முன்கை அடி வாட்டமா வரும். இடப்பக்கம் யார் நிக்கிறாங்களோ, நடுப்பந்து அவங்களுது. அவங்க 'என்னுது'ன்னு சத்தமா சொல்லணும். மத்தவங்க ஒதுங்கணும். அவ்வளவுதான் விஷயம். அம்மா, வீட்டுல எங்க யாரையும் வாயத் திறக்க விடுறதில்ல நீ. அங்க போய் என்ன இவ்வளவு அடக்கம்?"

செவ்வாய்க்கிழமை பழகிப் பார்த்தார்கள். சர்வீஸில் புள்ளி எடுக்க எடுக்க ஜோடி பக்கம் மாறி நிற்கிற ஆட்டம் இது. தான் இடப்பக்கம் வரும்போதெல்லாம் அவள் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு "என்னுது" என்றாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு காது கேட்கும்படி. பதினைந்தில் பன்னிரண்டு பந்தை எடுத்தாள். சம்பந்தியம்மாவின் முறை வந்தது. பந்து நடுவில் வந்தது. அவர் மட்டையை முன்னால் கொண்டுபோனார், பாதியில் நிறுத்தினார், அவள் முகத்தைப் பார்த்தார். பந்து போய்விட்டது. அன்று முழுவதும் அப்படியேதான்.

திரும்பும்போது காரில் அவள் கேட்டே விட்டாள். "என்ன சம்பந்தி, சிக்னல்ல லாரிக்காரனையே ஒதுங்கச் சொல்றவங்க நீங்க. என்னைப் பார்த்தா மட்டும் ஏன் கை வர மாட்டேங்குது?"

சம்பந்தியம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, முறைப்படி நிறுத்தினார். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கலன்னு நானே தேதிய மாத்தினேன். உங்கள ஒரு வார்த்தை கேக்கல. பத்திரிகையும் அடிச்சுட்டு வந்து நின்னேன். அப்போ நீங்க ஒண்ணு சொன்னீங்க. 'எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க, எனக்குன்னு என்ன மிச்சம் வச்சீங்க'ன்னு. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொன்ன மறுநாளே மறந்துவிட நினைத்த வார்த்தை. இந்த மனுஷி அதை ஒன்றரை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது தெரியாது.

"அன்னைக்கே முடிவு பண்ணேன் சம்பந்தி. பொண்ணையே குடுத்தவங்க. இனிமே அவங்க பக்கம் வர்ற எதுலயும் முந்திக்கிட்டுக் கை வைக்கக் கூடாதுன்னு."

"அதுக்காகப் பந்துலயுமா?"

சம்பந்தியம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பையைத் திறந்து, லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தாள். வேறு துணி கைவசம் இல்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அன்னைக்குக் கடை வாசல்ல வந்து நின்னீங்களே, அப்போ வர்றீங்களான்னு என்னைக் கேட்டீங்களா? கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இன்னும் அந்த டிவி முன்னாடியே கிடந்திருப்பேன். நீங்களா முடிவு பண்ணி, நீங்களா பொய் சொல்லி, நீங்களா ஏத்திக்கிட்டுப் போனீங்க. அதுலதான் நான் பொழைச்சேன். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நடுப்பந்த மட்டும் எடுத்துக்கோங்க. அது போதும்."

சம்பந்தியம்மா இன்டிகேட்டர் போட்டு வண்டியை எடுத்தார்.

வியாழக்கிழமை பேக்கரிக்காரர் சர்வீஸ் போட வரும்போதே மச்சானிடம் கண்ணைக் காட்டினார். நடுவுல போடு என்று அர்த்தம். இரண்டாவது பந்தே நடுவில் வந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"தள்ளு, என்னுது."

டிரைவிங் ஸ்கூல் தொண்டை. பக்கத்து ஆடுகளத்தில்கூட ஆட்டம் நின்றது. பந்து எலக்ட்ரீஷியனின் காலடியில் விழுந்து தெறித்தது. அடித்த வேகத்தில் மரியாதையும் பறந்துவிட்டது என்று சம்பந்தியம்மாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. "தள்ளுங்கன்னு சொல்ல வந்தேன்" என்று நாக்கைக் கடித்தார். "தள்ளுன்னே சொல்லுங்க, காதுக்கு நல்லா இருக்கு" என்றாள் அவள். மனதுக்கும்தான் நன்றாக இருந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் ஆட்டம். இருவரும் சேர்ந்தே கோட்டுக்கு ஓடினார்கள், சேர்ந்தே பின்வாங்கினார்கள். எலக்ட்ரீஷியன் ஓங்கி அடித்ததையெல்லாம் அவள் அடக்கி அடக்கிக் கிச்சனுக்குள் போட்டாள். பொறுமையிழந்து பேக்கரிக்காரர் பந்தைத் தூக்கிக் கொடுத்தபோதெல்லாம் சம்பந்தியம்மா சாத்தினார். ஒன்பதுக்கு ஏழு என்று முன்னாலும் போனார்கள். ஆனால் எதிராளிகளுக்கும் போக்கிடம் இல்லையே. நடுச்சந்து அடைபட்டதும் ஓரங்களுக்கு மாறி, ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்து, பத்துக்கு ஒன்பது என்று வந்து நின்றார்கள். இன்னும் ஒன்று அவர்களுக்குப் போனால் முடிந்தது.

பேக்கரிக்காரர் சர்வீஸ் போட்டார். வலப்பக்கம் நின்ற அவள் ஆழமாகத் திருப்பிவிட்டு முன்னால் ஓடினாள். பந்து வலைக்கு இப்படியும் அப்படியும் மெதுவாகப் பதினோரு முறை போய்வந்தது. பன்னிரண்டாவதை எலக்ட்ரீஷியன் பொறுக்கமாட்டாமல் அவள் வலது தோளுக்கு மேலே விளாசினார். அவள் கண்ணளவு தப்பாது. அந்த உயரத்தில் அந்த வேகத்தில் வருகிற பந்து கோட்டுக்குள் விழவே விழாது, தொடாமல் விட்டால் போதும்.

"விடுங்க, வெளிய போகுது" என்று மட்டையைத் தாழ்த்தினாள்.

ஆனால் இடப்பக்கத்திலிருந்து ஒரு புயல் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. "என்னுது" என்று கத்திக்கொண்டே சம்பந்தியம்மா ஆடுகளத்தைக் குறுக்கே கடந்து, அவளை ஒரு இடி இடித்து, வெளியே போக இருந்த பந்தை எட்டிப் பிடித்து அடித்து, நேராக வலையில் போட்டார்.

பதினொன்றுக்கு ஒன்பது. பேக்கரிக்காரர் மச்சானைக் கட்டிக்கொண்டார். அரங்கப் பொறுப்பாளர் பலகையில் சம்பந்திகள் என்று எழுதியிருந்ததைத் துடைத்தார்.

சம்பந்தியம்மா பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தார். "நீங்க விடுங்கன்னு சொன்னீங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு சம்பந்தி. ஆனா கை நிக்கல. உங்க பந்தையும் எடுத்து, உங்க இடத்தையும் போக்கிட்டேன். இப்போ திட்டுங்க. அன்னைக்கு மாதிரி நல்லாத் திட்டுங்க."

அவளுக்குத் திட்ட வரவில்லை. இடிபட்ட தோள் வலித்தது. தன் பக்கத்துக்காக ஒருத்தர் இவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்கச் சிரிப்புதான் பொங்கியது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கடை வாசலில் கார் நிற்காது. இது வரைக்கும் எல்லாம் அவளைத் தேடித்தான் வந்தது, இவரும்கூட. இந்த முறை அவள் எடுக்காவிட்டால் இது நடுவில் புகுந்து போய்விடும்.

"செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்குக் கடைக்கு வந்துடுங்க" என்றாள்.

"வந்து? எங்க ஆடுறது?"

"உங்க டிரைவிங் ஸ்கூல் மைதானத்துல. தரை சிமென்ட்டுதானே. வலை நான் நாளைக்கே வாங்கிடுறேன். கோடு மாப்பிள்ளை போட்டுத் தருவான்."

"அந்த நேரத்துல அங்க எங்க வாத்தியார்கிட்ட ஒரு பையனுக்கு ரிவர்ஸ் கிளாஸ் இருக்கே."

"அந்தப் பையன வேற நேரத்துக்கு மாத்துங்க."

சம்பந்தியம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தார். "என் மைதானம். என் கிளாஸ். என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே நீங்க."

"ஆமா, கேக்கல. கேட்டா, உங்க இஷ்டம் சம்பந்தின்னு சொல்லுவீங்க. ரெண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்போம்."

சம்பந்தியம்மா பையைத் துழாவி ஃபோனை எடுத்தார். "தம்பி, செவ்வாய்க்கிழமை உனக்குச் சாயந்திரம் கிடையாது, காலைல ஏழு மணிக்கு வந்துடு" என்றார், பழைய தொண்டையில். அந்தப் பக்கம் ஏதோ காரணம் சொன்னார்கள் போலிருக்கிறது. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.