கரடி மார்க்

உளுந்தூர்பேட்டையில் சவுண்ட் பாக்ஸ் விற்கும் அந்தக் கம்பெனிக்கு ரேடியோ காலத்தில் கிளிதான் சின்னம். டிவி வந்ததும் கிளியைத் துரத்திவிட்டு நாயைப் பிடித்தார்கள். ஊரே அதிரும் பாக்ஸ் வந்த பிறகு கரடி. விளம்பரத்துக்குத் தைத்த கரடித் தோலுக்குள் கம்பெனி வேலையாள் அமலைத் தள்ளி முதுகில் ஜிப்பை இழுத்துவிட்டார்கள். இன்னொருவர் கை இல்லாமல் கழற்ற முடியாது. தலைக்குள் மைக், நெற்றியில் விளம்பரப் படம் பிடிக்கக் குட்டிக் கேமரா. உள்ளே என்ன பேசினாலும் நெஞ்சில் கட்டிய பாக்ஸ் வழியே உறுமலாகத்தான் வெளியே வரும். முதலாளியின் மூளை அப்படி.

மலைமேல் கரியாலூருக்கு விளம்பர வேன் போன அன்று மூடுபனி. டிரைவர் தீனதயாளன் டீ குடிக்கப் போனான். தோலுக்குள் புழுக்கம் தாங்காத அமல் சாலையோரப் பலாத்தோப்பில் இறங்கினான். பலா பழுக்கும் மாதத்தில் எந்த மலைக்காரனாவது தனியாகத் தோப்புக்குள் போவானா? பழ வாசனைக்குக் கரடி வரும் என்பது கீழேயிருந்து வந்தவனுக்கு எங்கே தெரியும். முந்தின வாரம்தான் ஒரு கரடி காசியம்மாளின் புருஷன் முகத்தைக் கிழித்துப் போட்டிருந்தது. அவளும் கொழுந்தன்மார்களும் தடியும் கொடுவாளுமாக அங்கே காவல் இருந்தார்கள்.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அமலுக்கே கேட்டது.

"நானு மனுசனுங்க, அடிக்காதீங்க" என்று அலறினான். தோப்பு நடுங்க உறுமல் எழுந்தது.

"உடாதீங்க, அடிங்க" என்றாள் காசியம்மாள்.

கெஞ்சக் கெஞ்ச உறுமல், உறுமலுக்கெல்லாம் அடி. விலா போனது. கை போனது. வாயை மூடிக்கொண்டால் பிழைப்பான் பாவி. அத்தனை வலியில் வாய் எப்படி மூடும்? காசியம்மாளின் கொடுவாள் பாக்ஸைப் பிளந்து நெஞ்சுக்குள்ளும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் "அம்மா" என்றது அம்மா என்றே கேட்டது. அவள் வாளைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் கட்டோடு கிடந்தவனிடம் மனைவி செலினா போனை நீட்டினாள். நெற்றிக் கேமரா எடுத்ததைக் கம்பெனி விளம்பரமாகவே விட்டிருந்தது. மலையே நம்பிய உறுமலாம், கரடி மார்க்.

"இந்த எடத்துல ரொம்ப ஜாஸ்தியா உறுமுதே. இன்னா சொல்லிக்கினு இருந்த?"

"உன் பேர சொல்லிக் கூப்ட்டேன்."

செலினா போனை அணைத்துவிட்டு அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அடுத்த கட்டில்காரர் அதே விளம்பரத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.