சுருட்டி வைத்த இரண்டு மீட்டர்

நசிமியு ஐந்தாவது முறையாக அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்ததே தவிர ஞோகாபி அம்மா எடுக்கவில்லை. இன்று எப்படி எடுப்பாள்? மகளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். நகுருவில் பாதி ஊரைக் கூப்பிட்டிருப்பாள். வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்றுதானே, சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் நீல வெளிச்சம் வரும்படி மூன்று மாதத்துக்கு முன்பே நசிமியுவை வைத்து விளக்கு ஒட்டிக்கொண்டாள். விடிந்ததிலிருந்து அது எரிந்துகொண்டிருக்கும். அதை நினைத்துத்தான் நசிமியு திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள்.

மதியம் வேறொரு வீட்டில் விளக்கு மினுக்குகிறது என்று கூப்பிட்டார்கள். போய் டிவியைக் கழற்றினாள். பின்னால் அவள் தன் கையாலேயே செருகி வைத்த விளக்குச் சுருள் உருகிப்போய், சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் தாளை உள்ளங்கை அகலத்துக்குக் கருக்கியிருந்தது.

கடையில் பாம்பு விளக்கு என்று கொடுப்பது ஐந்து மீட்டர். டிவியைச் சுற்ற மூன்று போதும். மீதியை வெட்டினால், "நான் வாங்குனத உன் பைக்குள்ள போட்டுக்கறியா?" என்று சண்டைக்கு வருவார்கள். எதற்கு வம்பு என்று மீதியைச் சுருட்டிக் கட்டி டிவியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். சுருளும் சேர்ந்துதான் எரியும், அந்த இடுக்கில் சூடு வெளியேற வழியில்லை என்பது அவள் மண்டையில் ஏற இன்று மதியம் வரை ஆகிவிட்டது. கெட்டிக்கார ஃபுண்டி, கைதேர்ந்த மெக்கானிக் என்று பெயர் வேறு.

வாடகை மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு, ஓட்டுகிறவன் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, இன்னும் வேகமா."

"இதுக்கு மேல போனா றெக்கைதான் கட்டணும், தங்கச்சி!"

ஞோகாபி வீட்டு வாசலில் பந்தல். ஆட்டுக்கறி நெருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா செருயோட், டிவிக்கு நேர் கீழே சோபாவில் சாய்ந்திருந்தார். அவர் காலடியில் நான்கு குழந்தைகள். சுவர் நீலமாக ஜொலித்தது.

"இன்னிக்கா வந்தே?" என்று ஞோகாபி அம்மா பல்லைக் கடித்தாள். "கூப்புட்டா மூணு வாரம் எட்டிப் பாக்காத ஆளு!"

"டிவியக் கழட்டணும்மா. இப்பவே."

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க."

செருயோட் காதில் விழுந்துவிட்டது. "கூப்புடாம வந்த ஃபுண்டிய என் ஆயுசுல இன்னிக்குத்தான் பாக்கறேன்! கறி வாசம் இழுத்துட்டு வந்திருச்சு போல."

கூடமே சிரித்தது. "சமையக்கட்டுல போய்ச் சாப்புடு, நாளைக்கு வா" என்று ஞோகாபி அம்மா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

நாளைக்கு வந்தால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். இங்கே இத்தனை பேர் முன்னால் சொன்னால், ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவதில்தான் அவளுக்கு வேலையே வருகிறது. நசிமியு இரண்டடி நகரக்கூடச் செய்தாள். பிறகு அந்தக் குழந்தைகளைப் பார்த்தாள்.

"நான் வேலையத் தப்பாச் செஞ்சிருக்கேன்" என்றாள் சத்தமாக. "இந்தச் சுவரு தீப்புடிச்சிரும். எல்லாரும் எந்திரிங்க."

சிரிப்பு நின்றது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு பேர் டிவியைத் தாங்கி இறக்கினார்கள். சுருள் ஃபோம் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும் தாள் பழுப்பாகப் பிய்ந்து வந்தது. கருகிய நாற்றம் கூடத்தில் பரவியது. செருயோட் எழுந்து, தான் சாய்ந்திருந்த இடத்துக்கு மேலே சுவரைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

நசிமியு விளக்கு முழுவதையும் உரித்தெடுத்தாள். "இன்னிக்கு வெளக்கு வேணாம்மா. அப்புறம் மீதிய வெட்டிட்டு, ஃபோமுல படாம ஒட்டித் தரேன். டிவி மட்டும் ஓடட்டும்."

ஞோகாபி அம்மா அழுவாளோ அறைவாளோ என்று இருந்தது. அவள் இரண்டும் செய்யவில்லை.

"இந்த மாதிரி இன்னும் எத்தன வீட்டுல சுருட்டி வெச்சிருக்கே?"

வழி நெடுக இந்த ஒரு வீட்டை நினைத்துத்தான் நசிமியு பதறினாள். இப்போது விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். இரண்டு கையும் போதவில்லை.

"பதினேழு" என்றாள்.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டிவியையும் விளக்கையும் போடும் நேரம். செருயோட் சட்டைப்பையில் கார் சாவியைத் துழாவியபடி அவளருகே வந்தார்.

"மொதல்ல எந்த வீடு, சொல்லும்மா?"

எந்த வீட்டைச் சொல்வது, எந்த வீட்டை விடுவது என்று தெரியாமல் நசிமியு நின்றாள்.