கை படாமல் எடுத்த படம்

“ஒனக்குக் கை ஆடுது. செவத்துல சாஞ்சு, மூச்சப் புடிச்சுக்கிட்டு எடு.”

“சாஞ்சுக்கிட்டுத்தாங்க எடுத்தேன்.”

“ஆமா, எந்தங்கச்சி கல்யாணத்துல பொண்ணுக்கு ரெண்டு தலை வச்சவதான நீ.”

போன ஞாயிறு கணவன் சுபாஸ் இப்படிச் சொல்லிச் சிரித்தது ஜெயமலரின் நினைவில் இருந்தது. இன்று அவன் சிரிக்கவில்லை. ஐந்து நாள் மழையில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவின் பின்சுவர் வெடிப்பு கூரைவரை ஏறியிருந்தது.

பதுளையில் ஸலீம் நானாவின் ஸ்டூடியோவில் அவனுக்கு வேலை. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு ஞாயிறுகளில்தான் வருவான். வெடிப்பு தெளிவாகத் தெரியும் படம் இருந்தால்தான் திருத்தித் தரக் கேட்டு மேலே அனுப்பலாம் என்று தோட்ட அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஸ்டூடியோவின் பழைய டிஜிட்டல் கமெராவை அவளிடம் விட்டிருந்தான். அவள் எடுத்த படங்கள் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டன. எல்லாமே கலங்கல்.

அவனோடு பதுளைக்கே போய்விட வேண்டும் என்பது கல்யாணமான நாள்முதல் அவள் ஆசை. கேட்டதில்லை. அவள் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டினால் காம்பராவும் கையை விட்டுப் போய்விடும். அவன் பிறந்த காம்பரா.

சுபாஸ் கமெராவைப் பக்கச்சுவர் மாடத்தில் வைத்தான். கதவை அகலத் திறந்து வெளிச்சம் விட்டான். பொத்தானைப் பாதி அழுத்தி, வெடிப்பு தெளிந்ததும் முழுதாக அழுத்தினான். பத்து விநாடி கழித்துத் தானாகவே எடுக்கும், யார் கையும் படாது என்று சொல்லி அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டான். சிவப்பு விளக்கு மினுங்கி அணைந்தது.

படம் கலங்கலாகத்தான் இருந்தது. இன்னொன்று எடுத்தான். அதுவும் அப்படியே.

பெரிதாக்கிப் பார்த்தவனின் முகம் மாறியது. ஃபோகஸ் தப்பினால் படம் மங்கும். கமெரா ஆடினால்தான் கோடு இரண்டாகும் என்று மெதுவாகச் சொன்னான். வெடிப்பு இரண்டு கோடாக விழுந்திருந்தது.

அடுக்கில் இருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று இலேசாக உரசிக்கொண்டிருந்தன. மூன்று நாளாக அந்தச் சத்தத்தை எலி என்று நினைத்திருந்தாள். அவன் சுவரில் உள்ளங்கையை வைத்தான்; உள்ளே ஓடிய அதிர்வு பட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

ஜெயமலர் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை லதுஷாவை வாரித் தோளில் போட்டாள்.

“என்னங்க, எங்களையும் ஒங்களோட கூட்டிட்டுப் போயிருங்க. இப்பவே.”