எழுத்து முடிந்தவர்களுக்கு ஒரு படுக்கையறை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டைப் பார்த்ததுமே சுபாஷினி மனதுக்குள் திரைச்சீலை தைக்கத் தொடங்கிவிட்டாள். பழங்காலக் கட்டடத்தின் மேல்மாடி. தேய்ந்த மரப்படிகள், உயரமான ஜன்னல்கள், ஒரேயொரு படுக்கையறை. கஜீவன் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்து, “நல்ல ஃபோர்ஸா வருது” என்றான். அவன் காதலைச் சொல்லும் விதம் அது.

வீட்டுக்காரி மிஸிஸ் சவுந்தரநாயகம் கீழ்த்தளத்தில் இருப்பவர். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“கலியாணம் முடிஞ்சுதோ?”

“எழுத்து முடிஞ்சுது அன்ரி. தாலி அடுத்த மாசம்” என்றான் கஜீவன்.

பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டாயிற்று. சட்டப்படி அவர்கள் கணவன், மனைவி. ஆனாலும் தாலி ஏறும்வரை அவன் வெள்ளவத்தை போர்டிங்கிலும் அவள் பொரளையில் பெண்கள் விடுதியிலும் இருப்பதுதான் வழக்கம்.

“அப்ப இன்னும் முடியேல்லை” என்றார் வீட்டுக்காரி.

“சட்டப்படி முடிஞ்சுது அன்ரி.”

“சட்டம் இந்தப் படியால ஏறி வாறேல்லைத் தம்பி.”

“அதுவரைக்கும் நான் தனிய இருக்கிறன்.”

“தனி ஆம்பிளையோ? சிநேகிதப் பெடியள் எல்லாம் வந்து விழுவாங்கள்.”

“அப்ப நான் தனியா இருக்கேன் ஆன்ட்டி” என்றாள் சுபாஷினி.

“உனக்கு ஆர் காவல்? நானோ? சீரியல் முடிய எனக்கு நித்திரை வந்திடும்.”

“அப்ப தாலி வரைக்கும் பூட்டி வைக்கிறம்” என்றான் கஜீவன்.

“பூட்டின வீட்டில கரப்பான் குடியிருக்கும். நாளைக்கு இன்னொரு குடும்பம் பாக்க வருது.”

இந்த வாடகைக்கு வேறு வீடு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இது கைவிட்டுப் போனால், தாலி கட்டிய கையோடு அவரவர் விடுதிக்குத் திரும்பவேண்டியதுதான்.

“எங்கட அம்மா வந்து இருப்பா” என்றான் கஜீவன் அவசரமாக. அதே நொடியில் சுபாஷினி, “எங்கம்மா வருவாங்க” என்றாள்.

“ரெண்டு பேரும் வரட்டும்” என்றார் வீட்டுக்காரி. “பிறகு ஒரு பக்கமும் கதை சொல்ல ஏலாது.”

யாழ்ப்பாணத்திலிருந்து கஜீவனின் அம்மா ஜெகதீஸ்வரியும், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனிலிருந்து சுபாஷினியின் அம்மா பழனியம்மாவும் வந்து சேர்ந்தார்கள். எழுத்தன்று ஜெகதீஸ்வரி, “தோட்டப் பக்கமோ?” என்று புருவத்தை உயர்த்தியிருந்தார். பழனியம்மா அதை மறக்கவில்லை. இப்போது இருவருக்கும் ஒரே கட்டில்.

முதல் வாரம் பிள்ளைகளின் கைபேசிகள் ஓயவில்லை. “உன்ர மாமி விடியக் காத்தாலையே பக்திப் பாட்டைப் போடுறா” என்று ஒரு பக்கம். “ஒன் மாமியா கொழம்புல வாய் வெந்து போச்சுடி” என்று மறுபக்கம். அடுத்த வாரம் அழைப்புகள் நின்றுபோயின. அதற்குத்தான் இருவரும் அதிகம் பயந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓடிப் போய்ப் பார்த்தால், பேலியகொடையில் வாங்கிய மீனை நடுவில் வைத்து வெட்டியபடி, இரண்டு அம்மாமாரும் வீட்டுக்காரியின் தலைமுடிச் சாயத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கோ பிள்ளையள், இருங்கோ” என்றார் ஜெகதீஸ்வரி, விருந்தாளிகளிடம் சொல்வதுபோல.

“எல்லாம் பேசி முடிச்சாச்சு” என்றார் பழனியம்மா. “கல்யாணத்துக்கப்புறமும் நாங்க இங்கதான். சம்மந்திக்கு முழங்கால் வலி, அதனால கட்டில்ல நாங்க படுத்துக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் ஹால்ல பாய் போட்டுக்குங்க.”

கஜீவன் கூரையைப் பார்த்தான். அங்கிருந்து உதவி வரப்போவதில்லை என்று சுபாஷினிக்குப் புரிந்தது.

“மாமி, அம்மா” என்றாள். “கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே நீங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கெளம்பிறணும். அப்புறமா விருந்துக்கு வாங்க. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. ஆனா கட்டில் எங்களுக்கு.”

கஜீவனின் காது சிவந்தது. ஜெகதீஸ்வரி கத்தியைக் கீழே வைத்தார்.

“பாத்தியளே சம்மந்தி, உங்கட மகள் எங்களை வீட்டை விட்டுக் கலைக்கிறாள்!”

“என் மகளா? கையெழுத்துப் போட்டப்பவே அவ உங்க மருமகதானே.”

“ஓம்” என்றார் ஜெகதீஸ்வரி, சற்று யோசித்து. “என்ர மருமகள்தான். அதுதான் இந்த வாய்.” மருமகள் என்று அவர் வாயால் சொன்னது அதுவே முதல்முறை. பிறகு பழனியம்மாவின் பக்கம் திரும்பினார். “நான் உங்களோட ஹட்டனுக்கு வரட்டே? குளிருக்குப் போர்த்த ஏதும் இருக்கோ?”

“கம்பளி ரெண்டு இருக்கு. வாங்க சம்மந்தி.”

சுபாஷினி வாயைப் பிளந்து நின்றாள்.

“என்ன பிள்ளை, விருந்தாளி மாதிரி நிக்கிறாய்?” என்றார் மாமியார். “வந்து மீனைக் கழுவு. உன்ர வீடுதானே.”