ஒரே சமையலறை உள்ள வீடு

ஓட்டல் வேண்டவே வேண்டாம் என்று தபால்காரி ஒற்றைக் காலில் நின்றாள். ஓட்டலில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. அண்ணனும் தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கடல் கடந்து போய் என்ன பிரயோசனம்? அதனால் ஒரு வாரம் வாடகைக்கு விடும் வீடாகத் தேடினாள். மூன்று படுக்கையறை, ஒரே சமையலறை, எட்டுப் பேர் உட்காரும் ஒரே மேசை. சமைத்துச் சாப்பிடுவது நம் பாடு. படத்தில் அந்த மேசையைப் பார்த்த பிறகு அவள் வேறு வீட்டைப் பார்க்கவே இல்லை.

அவள் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள் அல்ல. பேருந்து நிறுவனத்தில் இருக்கை பதிவு செய்பவள். நான்கு வருஷமாக அண்ணன் சொல்வதைத் தம்பிக்கும், தம்பி சொல்வதை அண்ணனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அதனால் அப்பா வைத்த பேர் அது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியூரிலிருந்து தம்பி வந்து சேர்வதற்குள் அண்ணன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மா அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று தம்பி கேட்டதோடு இருவருக்கும் பேச்சு முறிந்தது.

அப்பா மாதம் ஒரு வீடாக இருக்கிறார். ஒன்றாம் தேதி காலையில் அண்ணன் வீட்டிலிருந்து பையோடு இறங்குவார். தம்பி தெருமுனையில் காரை நிறுத்திக் காத்திருப்பான். அடுத்த மாதம் இதே கூத்து மறுபக்கம் நடக்கும். அதுவரை வைத்திருந்த வீட்டார் மாத்திரை டப்பாவைப் பையில் வைத்து அனுப்ப வேண்டும் என்பது சொல்லாமலே ஏற்பட்ட ஏற்பாடு. அப்பாவின் இதயம் தளர்ந்துகொண்டே வந்தது. விமானம் ஏற வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கூட்டிப்போவதானால் இந்த வருஷமே போங்கள் என்றார் டாக்டர். அவர் இருக்கும்போதே இந்த இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிவிட வேண்டும். தபால்காரிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எல்லோருக்கும் சேர்ந்து லீவு கிடைத்தது ஒன்றாம் தேதியிலிருந்து. நேரே விமான நிலையத்தில் சந்தித்தார்கள்.

வாடகை வீட்டின் சமையலறையில் பைகளைப் பிரித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று பிரஷர் குக்கர். அண்ணி கொண்டுவந்தது ஒன்று, தம்பி மனைவி கொண்டுவந்தது ஒன்று, அவர்கள் இருவரையும் நம்பாமல் இவள் கொண்டுவந்தது ஒன்று.

"பாத்திரக் கடை வைக்கவா வந்திருக்கோம்?" என்றார் அப்பா.

எட்டுப் பேர் மேசையின் இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் தம்பி. "உப்பைத் தள்ளச் சொல்லு" என்றான் அண்ணன், இவளைப் பார்த்து. இவள் எழுந்து போய் எடுத்து வந்தாள்.

"தபால்காரிக்கு இங்கயும் லீவு இல்ல போல" என்று சொன்ன அப்பாவுக்கு இருமல் வந்தது.

மூன்றாம் நாள் மதியம் அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது.

"மாத்திரை போட்டீங்களாப்பா? டப்பா எங்க?" என்றாள் தபால்காரி.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணாந்தேதி ஆயிடுச்சே, இனி அவங்க பொறுப்புதானே?" என்றாள் அண்ணி. "நீங்கதானே பையில வச்சு அனுப்பணும்?" என்றாள் தம்பி மனைவி. ஒன்றாம் தேதி வந்தது. ஆனால் அண்ணன் வீட்டுத் தெருமுனையில் பை கைமாறவில்லை. டப்பா அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜின் மேலேயே இருந்தது. ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

"வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்மா" என்றார் அப்பா, மூச்சு வாங்க. "சொன்னா மறுபடி ஒருத்தன் மேல ஒருத்தன் பழி போடுவானுங்க. ஒரு வாரந்தானே, ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளின் சண்டைக்குப் பயந்து ஒரு மனுஷர் தன் உயிரோடு விளையாடுவாரா?

தெருக்கோடி மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரை என்று. தபால்காரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒண்ணுன்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"மஞ்சளை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுன்னு சொல்லு" என்றான் தம்பி.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போன மாசம் பூரா குடுத்தேனே" என்றான், யாரையும் பார்க்காமல். ஊர் டாக்டர் நிறுத்தச் சொன்னது தம்பியிடம். தம்பி அதைத் தபால்காரியிடம் சொல்ல மறந்துவிட்டான். நேராகச் சொல்லும் வழிதான் அவர்களுக்கு இல்லையே.

டாக்டரம்மா ஊசி போட்டார். இரண்டு நாள் இங்கேயே வைத்துப் பார்ப்பது நல்லது. கூட்டிப்போனால் வீட்டில் ராப்பகலாகக் கவனிக்க வேண்டும். முடிவு உங்களுடையது என்றார். நர்ஸ் ஒரு படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். வழக்கம்போல மூத்தவன் கைதான் முன்னால் போனது.

பேனா காகிதத்தில் படவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். அண்ணன் திரும்பினான். தபால்காரியைத் தாண்டித் தம்பியைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்ற?"

தம்பி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

"அன்னைக்கு அம்மாவுக்கு உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது தப்பு. இப்பக் கேக்கறேன்."

தம்பி படிவத்தை வாங்கிக்கொண்டான். புரியாத மொழியில் இருந்த அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ஒரு சொட்டு விழுந்து காகிதம் நனைந்தது.

"இங்கயே இருக்கட்டும்ணா. நீ போடு."

அண்ணன் போட்டான். அதே கோட்டில், இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி, தம்பியும் போட்டான். ஒரு கையெழுத்துப் போதும் என்று நர்ஸ் இவளிடம் சொன்னாள். அவர்களிடம் சொல்லச் சொல்லிக் கையும் காட்டினாள்.

தபால்காரி அதை யாரிடமும் சொல்லவில்லை.